விலாசம் போதாது

உபதபாலகத்தைத் திருத்தியபோது
கடிதம் பிரிக்கும் பழைய அடுக்கை
விறகுக்கு ஆகும் என்று வெளியே போட்டார்கள்.
ஆறு வரிசை. வரிசைக்கு ஏழு அறை.
இருபத்தாறு வருடம் என் வலது கை
பார்க்காமலே போய்வந்த நாற்பத்திரண்டு இருட்டு.
கோண்டாவில் சந்தியிலிருந்து என் வளவுக்கு
ஓட்டோக்காரர் எழுநூறு கேட்டார்.
பேரம் பேசவில்லை.

கறையான் முடித்த கீழ்வரிசையை அறுத்தெறிந்தேன்.
மிச்சத்துக்குள்
பன்னாடை, பொச்சு, காய்ந்த பப்பாசிக் குழல்,
பிளந்த ஊமல், பூவரசம் பட்டை.
வேப்பங்கட்டைகளில் துளை போட்டேன்:
பேனை நுழையும் அளவில் சில,
சுண்டுவிரல் அளவில் சில.
துளைக்கருவி பக்கத்து வீட்டுக் கமலரூபியின் மகனுடையது.
இரண்டு அலகு முறிந்தது.
ஒன்றைத்தான் சொன்னேன்.

ஒட்டியிருந்த பெயர்களை உரிக்கவில்லை.
தாவடி தெற்கு. இணுவில் கிழக்கு. சுதுமலை.
கடைசி மூலையில், என் சொந்தக் கையெழுத்தில்,
விலாசம் போதாது.

தேனீக்கு எழுத்துத் தெரியாது என்று தெரியும்.
ஆனாலும் அறைக்கொரு பெயர் இருந்தால்
வருகிறவருக்கு ஒரு மரியாதை.

வாங்கிவைத்த பூச்சிமருந்தைக் கடையில் நீட்டினேன்.
"சீல் உடைச்சதை எடுக்கேலாது அக்கா."
குளியலறை மேல்தட்டில் அது இன்னும் நிற்கிறது
என் நல்லெண்ணத்தைச் சந்தேகித்தபடி.

கிணற்றடி எருக்கைப் பிடுங்காமல் விட்டேன்.
தும்பையும் துளசியும் தாமாக வந்தன.
தேசிக்கன்றில் காய் எனக்கு, இலை புழுவுக்கு.
பிறகு செய்தேன் ஒருவரும் மன்னிக்காத ஒன்றை:
வளவின் கால்வாசியைக் கூட்டாமல் விட்டேன்.

விடியமுன் ஈர்க்குமாறு கேட்கும் ஒழுங்கையில்
என் பக்கம் மட்டும் சத்தமில்லை.
மூன்றாம் நாள் ஒருத்தி படலையடியில் நின்று
"வருத்தமோ?" என்று கேட்டாள்.
ஐந்தாம் நாள் ஒருவர்
பாம்புகளைப் பற்றி நீளமாகச் சொன்னார்.

டெங்குக்காகச் சிரட்டை தேடி வந்த
சுகாதாரப் பரிசோதகர்
அடுக்கின்முன் நெடுநேரம் நின்றார்.
ஓட்டுத்துண்டு பரப்பிய மண்சட்டியில்
தேனீ குடிக்க ஒரு விரற்கடைத் தண்ணீர்.
"ஒவ்வொரு நாளும் மாத்திறனீங்களோ?"
"காலமையும் பின்னேரமும்."
அவருடைய படிவத்தில் இதற்கு ஒரு நிரல் இல்லை.
டோர்ச் அடித்து அறை அறையாகப் பார்த்தார்.
"ஒருத்தரும் இல்லையே" என்றார்,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் போல.

உண்மை. ஆவணி முழுக்க ஒருவரும் இல்லை.
இணுவில் கிழக்கில் ஒரு பல்லி, வாடகை தராமல்.
சுதுமலையில் யாரோ கைவிட்டுப் போன வலை.
அத்தனை வருடம் பிறர் கடிதம் பிரித்தவள்
தனக்கொன்று வருமோ என்று
மத்தியான வெயிலில் கதிரை போட்டு இருந்தேன்.

புரட்டாதி நடுவில் கமலரூபி வந்தாள்,
ரோசா இலை ஒன்றைக்
குற்றப்பத்திரிகை போல் நீட்டியபடி.
விளிம்பில் வட்டம் வட்டமாக
நகவெட்டியால் எடுத்த மாதிரி வெட்டு.
"உங்கட ஆக்கள்தான்."
"எப்பிடித் தெரியும்?"
"பின்னால வந்து பாத்தனான்."

இருவரும் போய்க் குனிந்தோம்.
கடைசி மூலை. பேனை அளவுத் துளை.
பச்சையாய் ஒரு மூடி, இன்னும் வாடவில்லை.
இலைவட்டம் ஒன்றை வயிற்றடியில் அணைத்தபடி
இன்னொருத்தி
எங்கள் இரண்டு தலைக்கும் நடுவால் பறந்து
பக்கத்துத் துளைக்குள் இறங்கினாள்,
ஒருதரமும் தடுமாறாமல்.

கமலரூபி கொஞ்சநேரம் கதைக்கவில்லை.
பிறகு, "இன்னும் எத்தனை இலை வேணுமாம்?" என்றாள்.
படலை வரை போய்த் திரும்பி,
"அலகு ரெண்டையும் முறிச்சது நீங்கள்தானே?"